விருந்தினரும் கிணற்று நீரும்

வந்தாரை முகமலர்ந்து ஏற்று உண்பித்தல் தமிழர் மரபு. திருவள்ளுவர் விருந்தோம்பலுக்கென ஓர் அதிகாரமே வகுத்தனர். அம்மரபில் வந்த நாம் சுற்றுலாப் பயணிகளை வரவேற்றல் முறையே. ஆயினும், வந்தவர் எதனை நுகர்கின்றனர், எதனை விட்டுச் செல்கின்றனர் என அறிதலும் இல்லறத்தான் கடன் அன்றோ? வருவோர் தொகையை எண்ணி மகிழும் நாம், அவர்தம் நுகர்ச்சியை எண்ணிப் பார்க்கின்றோமில்லை.

2018ஆம் ஆண்டில் இலங்கைக்கு வந்த வெளிநாட்டுப் பயணிகள் 23 இலட்சத்துக்கும் மேற்பட்டோர். வடபுலத்திலோ, 2009இல் போர் முடிந்தது. 2014இல் புகையிரதம் மீண்டும் யாழ்ப்பாணம் வந்தது. 2019இல் பலாலி சர்வதேச விமான நிலையமாயிற்று. விடுதிகள் எழுந்தன, இளைஞர் சிலர்க்குத் தொழிலும் கிடைத்தது. இதனை நாம் குறைகூறோம். நாம் கேட்பது ஒன்றே: அவ்விடுதிகளுக்கு நீர் எங்கிருந்து வருகின்றது?

குடாநாட்டில் வற்றாத ஆறு ஒன்றேனும் இல்லை. மாரி மழையே நமக்கு வரும்படி. நிலத்தடிச் சுண்ணக்கல்லே நமது களஞ்சியம். அங்கே நன்னீர் உவர்நீரின்மேல் மிதந்து நிற்கின்றது. கடல்மட்டத்துக்கு மேல் ஓரடி நன்னீர் நிற்குமாயின், அதன்கீழ் ஏறத்தாழ 40 அடி நன்னீர் நிற்கும் என்பது நீரியலார் கணக்கு. ஆகவே, மேலே ஓரடி குறையுமாயின் கீழேயிருந்து உவர்நீர் பல அடி மேலெழத் தலைப்படும். ஒருமுறை உவர்பட்ட கிணறு எளிதில் மீளாது. மேலும், சுண்ணக்கல் வெடிப்புகளினூடே மலசலகூடக் குழியின் கழிவும் கிணற்றை நாடிச் செல்லும். எடுப்பதும் விடுவதும் ஒரே களஞ்சியத்தில் என்பதை மறத்தலாகாது.

நாம் இக்கல்லூரியில் பயின்ற 1990களில் குடாநாட்டில் மின்சாரம் இல்லை. எரிபொருளும் கிடைத்தற்கு அரிதாயிருந்தது. கயிறு பிடித்து அள்ளியே குளித்தோம். அந்நாள்களின் துன்பம் மீண்டும் வரவேண்டாம். ஆனால், இழுத்த கைக்கு நீரின் நிறை தெரிந்திருந்தது. இன்று குழாயைத் திறக்கும் பயணிக்கு அது தெரிய வழியில்லை. நாள்தோறும் வெளுக்கும் படுக்கை விரிப்பும், நீச்சற் குளமும், பசும்புற்றரையும் அயலவர் கிணற்றிலிருந்தே வருவன என அவருக்கு உரைப்பாரும் இலர். பிழை விருந்தினருடையதன்று, உரையாத நம்முடையதே.

இன்னுமொன்று கூறின் பழைய மாணவர் நம்மீது சினவார் என நம்புகின்றோம். இலண்டனிலும் தொறந்ரோவிலும் வாழும் நம் நண்பர் பெரும்பாலும் ஆடி, ஆவணியிலேதான் ஊர் வருகின்றனர். பிள்ளைகளின் விடுமுறையும் நல்லூர்த் திருவிழாவும் அப்பொழுதே. கிணறுகள் கீழிறங்கி மாரியை எதிர்நோக்கும் காலமும் அதுவே. ஊரிற் பிறந்தவராயினும், அவ்வேளை அவரும் சுற்றுலாப் பயணிகளே.

நுகரும் பொருள்கள் எல்லாம் ஒரு தன்மையன அல்ல. பனையோலைப் பெட்டியை வாங்கின் ஓலை மீண்டும் தளிர்க்கும். பின்னியவள் வீட்டில் அடுப்பும் எரியும். இளநீரும் பனங்கட்டியும் அத்தகையனவே. வெளியிலிருந்து வந்த போத்தல் நீரை வாங்கினோ, பணம் வெளியேறும். வெறும் போத்தல் நெடுந்தீவுக் கரையிலும் கிடக்கும். மீள வளர்வதை நுகரச் செய்து, வளராததைக் காத்தலே நிலைத்த சுற்றுலாவுக்கு வழியாகும்.

ஆதலின், விடுதி அமைப்போர் கூரை மழைநீரைத் தொட்டியிற் சேர்த்தல் வேண்டும். இறைக்கும் நீரை மானி பொருத்தி அளத்தல் வேண்டும். கழிவுக் குழியைக் கிணற்றுக்குத் தொலைவில், கசிவில்லாதபடி கட்டுதல் வேண்டும். உள்ளூராட்சி மன்றங்கள் இவற்றை அனுமதிக்கு நிபந்தனையாக்குதல் தகும்.

நம் யூபிலி விழாவிலேயே இதனைத் தொடங்கலாம். பந்தலில் போத்தல்களை அடுக்காது, மண்பானையில் நீர் வைப்போம். வரும் நண்பர்க்கு மாலை அணியுமுன், பழைய கிணற்றடிக்கு அழைத்துச் சென்று நீர்மட்டத்தைக் காட்டுவோம். தாம் குளித்த கிணற்றை எட்டிப் பார்த்தவர், விடுதிக் குழாயைச் சற்றுக் கருத்தோடு திறப்பர் என்பதே எமது நம்பிக்கை.