பறவைகளுக்கும் வருகைப் பதிவேடு!

மாணவச் செல்வங்களே... கோடை விடுமுறையில் நாளிதழ் படிக்கிறீர்களா? பழவேற்காடு ஏரியில் கோடையிலும் பூநாரைகள் நிற்கின்றன என்ற செய்தி அவ்வப்போது வருவதுண்டு. 'அட, அபூர்வமாச்சே!' என்று மகிழ்வோம். அதோடு விட்டுவிடக் கூடாது, 'ஏன்?' என்றும் கேட்க வேண்டும்.

ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்து, இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி பழவேற்காடு. தமிழகத்திலும், ஆந்திராவிலும் பரந்து கிடக்கிறது. தமிழக எல்லையில் உள்ள ஆரம்பாக்கம், சுண்ணாம்புக்குளம் பகுதி மக்களுக்குப் பூநாரை புதிதல்ல. பனிக்காலத்தில் கூட்டம் கூட்டமாக வரும். தலையைக் கவிழ்த்து, அலகால் நீரை வடிகட்டி, சிற்றுயிர்களைத் தின்னும். வெயில் ஏறியதும் பெரும்பாலானவை கிளம்பி விடும். இந்தியாவில் அவை முட்டையிடும் முக்கிய இடம், குஜராத்தின் கட்ச் பகுதி.

அப்படியானால், சில மட்டும் ஏன் போகவில்லை?

அவை இளம் பறவைகளாக இருக்கலாம். பூநாரை பிறந்தவுடன் இளஞ்சிவப்பாக இருக்காது. சாம்பல் நிறமாக இருக்கும். உண்ணும் உணவிலிருந்துதான் அந்த நிறம் வருகிறது. முட்டையிடும் வயது வரச் சில ஆண்டுகள் ஆகும். அதுவரை, தூர தேசம் போக வேண்டிய அவசியம் இல்லையே! எனவே, கோடையில் நிற்கும் பறவை சாம்பல் நிறமா, சிவப்பா என்று பாருங்கள். பாதி விடை கிடைத்து விடும்.

இன்னொரு காரணமும் உண்டு. ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு, 1987 முதல் ஜனவரியில் நடக்கிறது. தமிழகத்தில் 2015ல் தொடங்கிய பொங்கல் பறவைக் கணக்கெடுப்பும் ஜனவரியில்தான். கொளுத்தும் மே மாதத்தில் ஏரிக்கரைக்குப் போகிறவர்கள் குறைவு. பார்ப்பவர் குறைந்தால், பறவையும் அபூர்வமாகத்தானே தெரியும்?

பறவை நிற்கிறது, அதனால் ஏரி நலமாக இருக்கிறது என்றும் சொல்லிவிட முடியாது. கோடையில் ஏரியின் நீர் வற்றும். கடலோடு சேரும் முகத்துவாரத்தை மணல் அடைத்துக் கொண்டால், கடல்நீர் உள்ளே வராது. இருக்கும் நீரில் உப்பு கூடும். கடலிலிருந்து மீன் குஞ்சும், இறால் குஞ்சும் வர வழியில்லை. மீனவரின் வலை காலியாகும். படகும் கடலுக்குப் போக முடியாது. ஏரி காய்ந்தால் பூநாரைக்கும் இரை இல்லை. மீனவருக்கும், பறவைக்கும் சோறு போடுவது ஒரே தண்ணீர்!

ஆசிரியராக இருந்தபோது, ஒரு நாள் வருகையை வைத்து எந்த மாணவனையும் நான் எடைபோட்டதில்லை. ஆண்டு முழுவதும் உள்ள பதிவேட்டைப் புரட்டினால்தான் உண்மை தெரியும். பறவைகளுக்கும் அப்படித்தான். ஒரு கோடையில் பார்த்தது செய்தி; பத்து கோடைகளில் எழுதி வைத்தது சான்று.

உங்கள் ஊர் ஏரியோ, குளமோ, அதற்கு ஒரு பழைய நோட்டுப் போதும். தேதி, நேரம், பறவை, எண்ணிக்கை, தண்ணீர் அளவு எழுதுங்கள். பெரியவர் துணையோடு, தூர நின்று பாருங்கள். கல்லெறிந்து பறக்க விடாதீர்கள். பறவை வராத நாளில், 'வரவில்லை' என்று எழுதவும் மறக்காதீர்கள். பதிவேட்டில் அதற்கும் மதிப்பு உண்டு!