பொன்மலைக்கு உரியவர் யார்?

ஏரியினும் சிறிய நீர்நிலைக்கு நம் முன்னோர் இட்ட பெயர் தாங்கல். வந்த நீரைத் தாங்கி வைத்துக் கோடைக்குக் கொடுப்பது அது. பழவந்தாங்கல், வேடந்தாங்கல் என்னும் பெயர் வரிசையில் நிற்கும் எம் ஊராகிய ஈக்காட்டுத்தாங்கலில் இன்று தாங்கலும் இல்லை. அதன் கரையும் இல்லை. பெயர்ப்பலகையில் மட்டும் நீர் நிற்கின்றது. 2015-ஆம் ஆண்டுக் கடைசியில் அடையாறு பெருகி வந்தபோதுதான், இவ்விடம் ஒருகாலத்தில் நீருக்கு உரியதாய் இருந்தது என்பது பலர்க்கும் விளங்கிற்று.

தாங்கல் போன இடத்தில் வந்தவை தொழிற்கூடங்கள். எம் ஊரை அடுத்துள்ள கிண்டித் தொழிற்பேட்டை 1958-இல் தோன்றியது. இந்திய ஒன்றியத்தில் எழுந்த முதல் தொழிற்பேட்டைகளுள் ஒன்று. அங்கே கடைசற் பட்டறை நடத்தும் எம் பழைய மாணவர் ஒருவர் சில திங்கள்களுக்கு முன் எம் இல்லம் போந்து, தம் பட்டறையில் செய்யப்பெறும் உறுப்புகளின் பெயர்களைத் தமிழில் எழுதி வைக்க விரும்புவதாகவும், 'ஆக்சில்' என்பதற்கு நல்ல தமிழ்ச்சொல் ஒன்று வேண்டும் என்றும் கேட்டார். யாமும் புலமைச் செருக்கோடு வேர்ச்சொல் தேடிப் புதுச்சொல் ஒன்று புனைய அமர்ந்தோம். உடன் வந்திருந்த அவருடைய தந்தையார், பொன்மலைத் தொடர்வண்டிப் பணிமனையில் கொல்லராக இருந்து ஓய்வு பெற்றவர், சற்றுநேரம் பொறுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "எதுக்கு ஐயா இவ்வளவு தொல்லை? எங்க அப்பா கட்டைவண்டிக்கே அதை இருசுன்னுதானே சொன்னாரு?"

நாற்பதாண்டு தமிழ் படித்தும் படிப்பித்தும் வந்த எமக்கு அன்று நாணமே மிஞ்சியது. இருசு, குறடு, வட்டை, ஆரக்கால், கடையாணி, தறையாணி, தமரூசி, திருகுமரை என்று அம்முதியவர் வாயிலிருந்து சொற்கள் உதிர்ந்தவண்ணம் இருந்தன. அகரமுதலியில் உறங்கும் சொற்கள் அவர் கையில் உழைத்துக்கொண்டிருந்தன. அவ்வுரையாடலே இத்திங்கள் ஆசிரியவுரையைத் திருச்சிராப்பள்ளிக்கும் பொன்மலைக்கும் இழுத்துச் சென்றது.

திருச்சிராப்பள்ளியைக் கோயிலூர் என்றே பலரும் எண்ணிப் பழகிவிட்டனர். மலைக்கோட்டையும் திருவரங்கமும் கண்ணை மறைக்கின்றன. ஆயின் அது தொன்றுதொட்டே தொழில்நகர். முற்காலச் சோழர் தலைநகராகிய உறையூரின் மெல்லிய பருத்தித் துணி யவனர் கலங்களில் ஏறிச் சென்றது. கிரேக்கக் கடற்செலவு நூலொன்று 'அர்கரு' எனக் குறிப்பது உறையூரையே என்பர் ஆய்வாளர். ஆங்கிலேயர் காலத்தில் திருச்சிச் சுருட்டு உலகெங்கும் பெயர் பெற்றது. ஆங்கிலத்தில் 'செரூட்' என்று வழங்குவதும் நம் 'சுருட்டு' தான். நம் புகையை மட்டுமன்றிச் சொல்லையும் சேர்த்தே வாங்கிச் சென்றனர்! கொடுத்த கடனைக் கேட்கத் தமிழனுக்கு இன்றுவரை நினைவு வரவில்லை.

அந்நகர்க்குத் தொடர்வண்டி வந்தது 1862-இல். நாகையில் தொடங்கிய இருப்புப்பாதை 1861-இல் தஞ்சையையும் மறு ஆண்டில் திருச்சியையும் தொட்டது. 1874-இல் அமைந்த தென்னிந்திய இருப்புப்பாதைக் கும்பணி, பின்னர்த் திருச்சியையே தன் தலைமையிடமாகக் கொண்டது. வண்டிகளைப் பழுதுபார்க்கும் பெரும்பணிமனை நெடுங்காலம் நாகையில் இருந்தது. 1920-களின் பிற்பகுதியில் அதனைத் திருச்சிக்குக் கிழக்கே பொன்மலைக்குப் பெயர்த்தனர். பணிமனையைச் சுற்றி வரிசை வரிசையாகக் குடியிருப்புகள், மருத்துவமனை, பள்ளி, சந்தை எனப் புத்தூர் ஒன்றே எழுந்தது. சங்கு ஊதினால் ஊர் எழும். சங்கு ஊதினால் ஊர் உண்ணும். ஆலையின் ஊதுகுழலுக்குச் சங்கு என்று பெயரிட்டவன் எந்தப் பல்கலைக்கழகத்தில் கலைச்சொல்லாக்கம் பயின்றான்? வழிகாட்டும் கம்பத்தைக் கைகாட்டி என்றவன் எக்குழுவில் உறுப்பினன்?

ஒன்றை மறைக்காமல் சொல்லவேண்டும். பொன்மலை எழுந்ததில் நாகை வீழ்ந்தது. பணிமனை பெயர்ந்தபோது ஆட்குறைப்பும் வந்தது. பல்லாண்டு உழைத்தவர்களைத் திறன்தேர்வுக்கு நிறுத்தி வெளியேற்றத் துணிந்தது கும்பணி. அதன் விளைவே 1928 சூலைத் திங்களில் வெடித்த தென்னிந்திய இருப்புப்பாதை வேலைநிறுத்தம். சிங்காரவேலர் அதன் பொருட்டே சிறை புகுந்தார். மீண்டும் 1946-இல் தொழிலாளர் எழுந்தனர். அவ்வாண்டு செப்டம்பர் 5-ஆம் நாள் பொன்மலையில் மலபார்க் காவற்படையின் துமுக்கிக்கு ஐந்து தொழிலாளர் இரையாயினர். ஆனந்தன் நம்பியாரும் கல்யாணசுந்தரமும் அக்காலத்துத் தொழிற்சங்கத் தலைவர்கள். நம் இயக்கத்தார் மேடைகளில் மொழிப்போர் ஈகியரைப் போற்றுகின்றோம், இவ்வைவரை நினைப்பதில்லை. கூலிக்காக இறந்தவனும் தமிழனே என்பது நமக்கு ஏன் தோன்றுவதில்லை?

இருப்புப்பாதையும் மொழியும் திருச்சி வட்டாரத்தில் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பதைப் போல வேறெங்கும் கண்டதில்லை. கல்லக்குடி என்னும் பழந்தமிழ் ஊரில் 1939-இல் சிமிட்டி ஆலை வைத்த வடநாட்டு முதலாளியின் பெயர் தொடர்வண்டி நிலையத்திற்கு ஏறி, ஊர் டால்மியாபுரம் ஆயிற்று. 1953 சூலை 15-இல் கலைஞர் கருணாநிதி தலைமையில் தி.மு.கழகத்தார் தண்டவாளத்தில் தலைவைத்துக் கிடந்தனர். சிறையும் துமுக்கிச்சூடும் உயிரிழப்பும் கண்ட அப்போராட்டத்தின் பயன் உடனே கிட்டவில்லை. கழகம் ஆட்சிக்கு வந்தபின் 1969-இலேதான் கல்லக்குடிக்குத் தன் பெயர் திரும்பிற்று. ஓர் ஊர் தன் பெயரை மீட்கப் பதினாறாண்டு!

கீழப்பழுவூர்ச் சின்னசாமி 1964 சனவரி 25-ஆம் நாள் தம்மைத் தீக்கு ஈந்ததும் இதே திருச்சித் தொடர்வண்டி நிலையத்தின் முன்புதான். நாள்தோறும் ஆயிரக்கணக்கானோர் அவ்வழி நடக்கின்றனர். அவ்விளைஞரின் நெஞ்சுரத்தை வணங்குகின்றோம். ஆயினும் ஓர் ஆசிரியனாக இதையும் எழுதியாகவேண்டும்: இன்னொரு பிள்ளை அவ்வழி செல்லக்கூடாது. தமிழுக்கு வேண்டுவது வாழ்ந்து உழைக்கும் பிள்ளைகளே.

விடுதலைக்குப் பின் 1951 ஏப்பிரல் 14-இல் தென்னக இருப்புப்பாதை அமைந்தபோது தலைமையிடம் சென்னைக்குப் போயிற்று. திருச்சி கோட்டத் தலைமையிடமாய் நின்றது. அவ்விழப்பை ஈடுசெய்வது போல 1960-களில் பெருந்தொழில்கள் வந்தன. செக்கோசுலோவாக்கிய நாட்டின் துணையோடு திருவெறும்பூரில் 1965-இல் இயங்கத் தொடங்கிய உயரழுத்தக் கொதிகலன் தொழிலகத்தை அரசு 'பாரத மிகுமின் நிறுவனம்' என்கின்றது. மக்கள் வாயில் அது 'பெல்'. மிகுமின் என்னும் அழகிய தமிழைப் பலகைக்கு விட்டுவிட்டு ஆங்கில எழுத்துகளின் ஒலியை நாவுக்கு எடுத்துக்கொண்டோம். அடுத்த ஆண்டே படைக்கலத் தொழிற்சாலையும் தொடங்கப்பெற்றது.

கொதிகலன் என்பது எளிய பொருளன்று. பல மாடி உயரமுள்ள குழாய்க்காடு அது. உள்ளே நீர் கொடிய அழுத்தத்தில் ஆவியாகி மின்னாக்கியின் சுழலியைத் தள்ளும். ஆயிரக்கணக்கான இணைப்புகளுள் ஒன்று பிளந்தாலும் நிலையமே நிற்கும். ஆகவே திருச்சியின் உண்மையான செல்வம் பற்றவைப்போன் கை. துவாக்குடியிலும் அரியமங்கலத்திலும் சுற்றுப்புறத்திலும் நூற்றுக்கணக்கான சிறு பட்டறைகள் அக்கையை நம்பி எழுந்தன. 2010-க்குப் பிந்திய ஆண்டுகளில் புதிய அனல்மின் நிலையங்கள் குறையவே, பெருந்தொழிலகத்தின் வேலை சுருங்க, அதனை நம்பிய பட்டறைகள் பல கதவடைத்தன. ஒரே வாடிக்கையாளரை நம்பிய ஊரின் நிலை அது. பற்றவைக்கும் கைகள் வளைகுடா நாடுகளுக்கு வானூர்தி ஏறின.

பொன்மலையோ இன்னும் உயிரோடிருக்கின்றது. டீசல் பொறிகளும் பெட்டிகளும் அங்கே செப்பம் பெறுகின்றன. நீலமலையில் பற்சக்கரப் பாதையேறும் நீராவிப் பொறிகளைப் புதிதாகச் செய்து தந்ததும் பொன்மலையே. சுவிட்சர்லாந்தில் செய்யப்பெற்ற பழைய பொறிகள் மூப்படைந்தபோது, நம் கம்மியர் அதன் ஒவ்வோர் உறுப்பையும் ஆய்ந்து, 2011 முதற்கொண்டு புதியன ஆக்கினர். நீராவிக் காலம் முடிந்துவிட்டது என்று உலகம் எழுதிவைத்த பின்னர் நீராவிப் பொறி படைத்த கைகள்! இதனைப் பாடநூலில் எழுதுவார் இல்லை. எம் மாணவர்க்குச் சொன்னபோது அவர்கள் நம்பவும் இல்லை.

இத்தகைய பணிமனையின் வாயிலில்தான் 2019 மேத் திங்களில் தமிழ்த்தேசிய அமைப்பினர் திரண்டு, தமிழ்நாட்டு வேலை தமிழர்க்கே என்று முழங்கினர். 1961-ஆம் ஆண்டுத் தொழிற்பயிலுநர் சட்டத்தின்படி அங்கேயே பயின்று சான்று பெற்ற பிள்ளைகள் வெளியே நிற்க, மொழியறியாத வெளிமாநிலத்தார் உள்ளே செல்வது எவ்வகை முறை என்பது அவர்களின் வினா. அவ்வினா நேரியது. ஆயினும் அதனை நாம் எவரிடம் வீசுகின்றோம் என்பதில் தெளிவு வேண்டும்.

பீகாரிலிருந்து மூட்டையோடு வந்திறங்கும் இளைஞன் நம் பகைவனல்லன். தன் ஊரில் ஆலையில்லாமல் வந்தவன் அவன். நம் திருச்சி வட்டாரத்து ஏழையரும் இவ்வாறே தொடர்வண்டியேறித் தனுக்கோடி சென்று, கடல் கடந்து, இலங்கை மலைநாட்டில் தேயிலைக்கு உரமானவர்கள்தாம். அவனை வாயிலில் மடக்கி இழித்துரைப்பது வீரமும் ஆகாது. தமிழ்ப் பண்பும் ஆகாது. வினா தில்லிக்கு உரியது. அரசியலமைப்பின் 16(3)-ஆம் பிரிவு, ஒரு மாநிலத்தில் உள்ள பணிகளுக்கு அம்மாநிலத்தில் குடியிருப்போரே வேண்டும் என்று விதிக்கும் ஆற்றலைப் பாராளுமன்றத்திற்கு மட்டுமே தந்துள்ளது. எனவே முழக்கம் வாயிலோடு நின்றால் பயனில்லை. நம் முப்பத்தொன்பதின்மர் அங்கே ஒருவாயாகக் கேட்டனரா என்று நாம் கேட்கவேண்டும்.

குடியிருப்பு ஒருபுறம் இருக்க, மொழியறிவு உயிர்க்காப்போடு தொடர்புடையது என்பதை அதே 2019 காட்டிற்று. மேத் திங்களில் மதுரைக்கு அருகே திருமங்கலம் பகுதியில் எதிரெதிர்த் தொடர்வண்டிகள் இரண்டு ஒரே பாதையில் செல்ல நேர்ந்து, நல்லூழால் மோதாமல் தப்பின. நிலைய அலுவலர் ஒருவர் பேச்சு மற்றவர்க்கு விளங்காமையே அதற்குக் காரணமாகச் சொல்லப்பட்டது. இதற்குத் தீர்வு என்ன? தமிழ்நாட்டு நிலையத்தில் அமர்வோர் தமிழ் கற்கவேண்டும் என்று பள்ளிப்பிள்ளையும் சொல்வான். தென்னக இருப்புப்பாதையோ சூன் திங்களில், அலுவலர்கள் தமக்குள் ஆங்கிலத்திலோ இந்தியிலோ பேசுக, வட்டார மொழியைத் தவிர்க்க என்று சுற்றறிக்கை விடுத்தது! நோயாளிக்குக் காது கேளாவிடில் மருத்துவர் ஊரையே ஊமையாக்கிய கதை. எதிர்ப்பு எழுந்ததும் ஓரிரு நாளில் அதனைத் திரும்பப் பெற்றனர். திரும்பப் பெற்றது தாளை, எண்ணத்தை அன்று.

இன்னொன்று, நம்மவரை நோக்கியும். இருப்புப்பாதை ஆளெடுப்புத் தேர்வுகளை இன்று தமிழிலும் எழுதலாம். நம் பிள்ளைகளுள் எத்துணைப் பேர் அவ்வறிவிப்பைப் படிக்கின்றனர்? பொறியியற் பட்டம் பெற்றுவிட்டு, கைவேலை இழிவு என்று ஒதுங்குவோர் எம் வகுப்பிலிருந்தே பலர் சென்றுள்ளனர். நம் மேடைகளோ சொல்வீச்சில் முடிந்துவிடுகின்றன. ஓர் ஊரில் நம் மன்றம் மாலைதோறும் ஒரு விளக்கெரித்து, பத்துப் பிள்ளைகளைத் தேர்வுக்கு அணியமாக்கினால், வாயில் மறியலில் நூறு பேர் நிற்பதினும் பெரும்பயன் விளையும் என்பது எம் துணிபு. மறியலும் வேண்டாமென்பதில்லை.

இனிச் சொற்களுக்கு வருவோம். மேற்சொன்ன முதியவரிடம் மூன்று மாலைகள் அமர்ந்து யாம் எழுதிக்கொண்ட சொற்கள் எழுபதுக்கு மேல். சில கம்மியர்க்கே உரியன. சில வண்டித்தச்சரிடமிருந்து வந்தன. சில ஆங்கிலச் சொல் தமிழன் வாயில் உருமாறியவை. இவற்றை வேறு வேறாகப் பிரித்து வைத்துள்ளோம். அவர் சொன்ன ஒரு செய்தி: பணிமனையில் எழுத்தறியாத பழந்தொழிலாளர் இருந்தவரை இச்சொற்கள் இருந்தன, படித்த பிள்ளைகள் வந்தபின் அவை குறைந்தன. தமிழைப் படிப்பிக்கும் எமக்கு இது உறுத்துகின்றது.

பொன்மலையிலும், பெரம்பூரிலும், போத்தனூரிலும், அரக்கோணத்திலும் பணிசெய்து ஓய்ந்த தொழிலாளர் பலர் இன்றும் நம்மிடையே உள்ளனர். நம் அன்பர்கள் அவர்களை நாடிச் சென்று, கருவிகளின் பெயர், வேலைகளின் பெயர், பழுதுகளின் பெயர் ஆகியவற்றைக் கேட்டு, அவர் சொன்னபடியே, திருத்தாமல் எழுதி விடுக்க. சொன்னவர் ஊரையும் தொழிற்பிரிவையும் உடன் குறிக்க. தூய தமிழா அன்றா என்பதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். அம்முதியவர்க்கு அகவை எண்பத்திரண்டு. நான்காம் மாலைக்குப் போனபோது இருமல் மிகுதியாக இருந்தமையால் உலைக்களத்துச் சொற்கள் இன்னும் எஞ்சியுள்ளன. வரும் கிழமை மீண்டும் செல்லவுள்ளோம்.