எடுத்து வராதீர்கள், எழுதி வாருங்கள்!



சில ஆண்டுகளுக்கு முன், பள்ளி விடுமுறை முடிந்த முதல் நாள். படிவம் 2 மாணவன் ஒருவன் அறிவியல் கூடத்தில் என்னிடம் ஒரு காகிதப் பொட்டலத்தை நீட்டினான். "டீச்சர், உங்களுக்காகக் கொண்டு வந்தேன்" என்றான். உள்ளே விரல் நீளத்தில் ஒரு வெள்ளைக் கல்விழுது. குகைக் கூரையிலிருந்து ஆலம் விழுதைப் போலத் தொங்குமே, ஸ்டாலக்டிட் என்று படித்திருப்பீர்களே, அதுதான். ஈப்போ பக்கம் ஒரு குகைக்குக் குடும்பத்தோடு போனபோது உடைத்தானாம்.

நான் அவனைக் கண்டிக்கவில்லை. பாராட்டினேன். கண்ணாடி அலமாரியில் வைத்துப் பெயர்ச்சீட்டும் ஒட்டினேன். அடுத்த மாதமே இன்னும் இரண்டு மாணவர்கள் ஆளுக்கொரு துண்டோடு வந்து நின்றபோதுதான், நான் செய்த தவறு எனக்கு உறைத்தது.

அந்தக் கல்விழுது எப்படி உருவானது என்று பாருங்கள். மழைநீர் மண்ணில் இறங்கும்போது அங்குள்ள கரிவளியைக் கரைத்துக்கொண்டு மெல்லிய அமிலமாகிறது. அந்த நீர் சுண்ணாம்புக்கல்லின் இடுக்குகளில் புகுந்து கல்லைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைக்கிறது. குகைக் கூரையில் துளியாகத் தொங்கும்போது, நீரிலுள்ள கரிவளி காற்றில் கலந்துவிடுகிறது. கரைந்திருந்த சுண்ணாம்பு மீண்டும் கல்லாகப் படிகிறது. துளிக்குத் துளி படிவது கண்ணுக்கே தெரியாது. பல குகைகளில் ஒரு கல்விழுது ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அளவே வளர்கிறது. இந்தக் கணக்கில் 10 சென்டிமீட்டர் வளர 1,000 ஆண்டுகள் வேண்டும். உடைக்க ஒரு விநாடி போதும். உடைக்காமல் வெறும் கையால் தடவினாலும் தீங்குதான். தோலின் எண்ணெய்ப் பசை படிந்த இடத்தில் சுண்ணாம்பு சரியாகப் படியாது.

ஆனால், என்னை அதிகம் வருத்துவது வேறொன்று. கல்லை அதன் இடத்திலிருந்து பிரித்தால், அது சொல்ல வேண்டிய செய்தியில் பாதி போய்விடுகிறது.

நமக்கெல்லாம் பழக்கமான பத்துமலையையே எடுத்துக்கொள்வோம். தைப்பூசத்துக்கு 272 படிகள் ஏறியிருப்பீர்கள். அந்த மலையின் குகைகளில் ஓராங் ஊத்தான் பற்கள் கிடைத்தன என்பது தெரியுமா? இன்று ஓராங் ஊத்தான்கள் காட்டில் வாழ்வது சுமத்ராவிலும் போர்னியோவிலும் மட்டுமே. தீபகற்ப மலேசியாவின் இரண்டு குகைப் பகுதிகளில் கிடைத்த 9 புதைபடிவப் பற்களைப் பற்றிய ஆய்வு 2013-இல் வெளிவந்தது. அவற்றுள் ஒரு பகுதி பத்துமலை. சுமார் 60,000 ஆண்டுகளுக்கு முன்வரை அங்கே ஓராங் ஊத்தான்கள் இருந்தன என்று ஆய்வாளர்கள் கணித்தனர். மரத்தில் வாழும் விலங்கு இருந்ததென்றால், அன்று அங்கே காடும் இருந்திருக்க வேண்டும். ஒரு சில பற்களிலிருந்து ஒரு காட்டையே கண்டுபிடித்துவிட்டார்கள்!

அந்தப் பற்கள் எந்தக் குகையில், எந்தப் படிவில் இருந்தன என்பது தெரிந்ததால்தான் அவற்றின் வயதைக் கணக்கிட முடிந்தது. யாரோ ஒருவர் அவற்றைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போயிருந்தால்? அவை வெறும் பழைய பற்களாகவே இருந்திருக்கும்.

பேராக்கின் கிந்தா பள்ளத்தாக்கு இதற்கு இன்னொரு சான்று. அங்கே வரிசையாக நிற்கும் சுண்ணாம்புக்கல் மலைகள் ஒரு காலத்தில் கடலடியில் படிந்தவை. 25 கோடி ஆண்டுகளுக்கு மேல் பழமையானவை. பின்னர் பூமிக்குள்ளிருந்து எழுந்த கருங்கல் குழம்பின் வெப்பம் அந்தச் சுண்ணாம்புக்கல்லில் பெரும்பகுதியைச் சலவைக்கல்லாக மாற்றிவிட்டது. அப்போது உள்ளிருந்த புதைபடிவங்கள் பலவும் உருத்தெரியாமல் அழிந்தன. நம் முன்னோர் பலர் உழைத்த ஈய லம்பங்களுக்கு ஈயத்தைத் தந்ததும் அதே கருங்கல்தான். கம்பார் வட்டாரத்தில் லம்பங்கள் மேல்மண்ணை அகற்றியபோது, வெப்பத்துக்குத் தப்பிய சுண்ணாம்புக்கல் வெளிப்பட்டது. அதில் பவளங்களும் கடல் நத்தைகளும் அப்படியே பதிந்திருந்தன. சுந்தரலிங்கம் என்ற நிலவியல் அறிஞர் கம்பாரின் மேற்குப் பகுதிப் பாறை அடுக்குகளை வரிசைப்படுத்தி 1968-இல் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார். எந்த அடுக்கில் எந்த உயிர் என்று குறித்துவைப்பதுதான் அத்தகைய ஆய்வின் உயிர்நாடி.

இதை வகுப்பில் சொன்னபோது ஒரு மாணவி கேட்டாள்: "டீச்சர், குவாரியில் மலையையே வெடிவைத்து உடைக்கிறார்கள். நான் ஒரு துண்டு எடுத்தால் என்ன குறைந்துவிடும்?"

நியாயமான கேள்வி. சுண்ணாம்புக்கல் இல்லாமல் சிமெண்டு இல்லை. நம் வீடும் பள்ளியும் அதில் எழுந்தவைதாம். ஆகவே எல்லாக் குவாரிகளையும் மூடுங்கள் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் எந்த மலையை உடைப்பது, எதை விட்டுவைப்பது என்பதை, அந்த மலையை ஆராய்ந்த பிறகே முடிவு செய்ய வேண்டும். பாகாங்கில் குவாந்தான் அருகே புக்கிட் பஞ்சிங் என்றொரு சுண்ணாம்புக்கல் மலை இருந்தது. ஒரு சிற்றின நத்தை அந்த ஒரு மலையில் மட்டுமே அறியப்பட்டிருந்தது. குவாரி அந்த மலையைத் தின்று தீர்த்தது. நத்தை இனமும் உலகிலிருந்து மறைந்தது.

அந்த மாணவிக்கு நான் சொன்ன பதில் இதுதான்: மலையைக் காப்பாற்றுங்கள் என்று நாளை நீ பேச வேண்டுமானால், இன்று அதன் ஒரு துண்டு உன் பையில் இருக்கக்கூடாது.

அதற்காகக் குகைப் பக்கமே போகாதீர்கள் என்று சொல்லவில்லை. கட்டாயம் போங்கள். கோப்பெங் அருகே குவா தெம்புரோங்கில் பாதையும் வழிகாட்டிகளும் உண்டு. கிந்தா பள்ளத்தாக்கு 2018 முதல் தேசியப் புவிப்பூங்காவாகவும் இருக்கிறது. பெரியவர்கள் துணையின்றிக் குகைக்குள் நுழையாதீர்கள். மழை பெய்யும்போது ஆறு ஓடும் குகைக்குள் போகாதீர்கள். நீர் சட்டென்று ஏறிவிடும். சுவரில் பெயர் எழுதாதீர்கள்.

கையில் ஒரு குறிப்பேடு இருக்கட்டும். பாறையில் ஓடு போன்ற வடிவம் தெரிந்தால், அளவு தெரிய ஒரு நாணயத்தைப் பக்கத்தில் வைத்துப் படம் எடுங்கள். இடம், தேதி, தரையிலிருந்து உயரம் ஆகியவற்றை எழுதுங்கள். பிறகு ஆசிரியரிடம் காட்டுங்கள். அருங்காட்சியகத்துக்கோ பல்கலைக்கழகத்துக்கோ அனுப்ப அவர் உதவுவார். கல்லைக் கொண்டுவந்தவனைவிட இந்தக் குறிப்பைக் கொண்டுவந்தவனே உண்மையான அறிவியல் மாணவன் என்பேன்.

அந்த மூன்று துண்டுகளும் இன்னும் எங்கள் அலமாரியில் இருக்கின்றன. திருப்பி ஒட்டவா முடியும்? பெயர்ச்சீட்டை மட்டும் மாற்றிவிட்டேன். இப்போது அதில் இப்படி எழுதியிருக்கிறது: "கல்விழுது. எந்தக் குகை? தெரியாது. எந்த இடம்? தெரியாது. வயது? தெரியாது."