கூரையில் 3 ஏசி, உள்ளே புழுக்கம்: அமெரிக்க டிரெய்லர் வீடுகளில் என்னதான் பிரச்சினை?

யூடியூபில் 'ஹோம் டூர்' வீடியோ பார்ப்பவர்களுக்கு இந்தக் காட்சி பழக்கமானதுதான். 40 அடி நீள டிரெய்லர். கதவைத் திறந்தால் சோபா, பெரிய டிவி, கிச்சன், குயின் சைஸ் கட்டில், வாஷிங் மெஷின். ஒரு பட்டனை அழுத்தினால் சுவரே வெளியே நகர்ந்து ஹால் அகலமாகிறது. 'அட, வீடு மாதிரியே இருக்கே' என்று தோன்றும். ஜூலை மாத மதியம் 3 மணிக்கு அரிசோனாவிலோ டெக்சாஸிலோ அதற்குள் உட்கார்ந்தால் எப்படி இருக்கும் என்பது மட்டும் வீடியோவில் தெரியாது. தெர்மோஸ்டாட்டில் 24 டிகிரி வைத்திருப்பார்கள். காலையிலிருந்து ஏசி நிற்காமல் ஓடும். உள்ளே 30-க்குக் கீழே இறங்காது.

இதற்கு அந்தத் தொழில் கண்டுபிடித்திருக்கும் பதில் சிம்பிள்: இன்னொரு ஏசி. ஒன்று இருந்த இடத்தில் இரண்டு வந்தது. இப்போது பெரிய மாடல்களில் மூன்று. விளம்பரத்தில் அதுவே பெருமையாகவும் சொல்லப்படுகிறது. ஓட்டை வாளிக்கு இன்னொரு குழாய் போடுவது மாதிரிதான் இது.

முதலில், ஃபிஃப்த் வீல் என்றால் என்ன?

நமக்குக் கேரவன் என்றால் ஷூட்டிங் ஸ்பாட்டில் நிற்கும் நடிகர்களின் வண்டிதான் ஞாபகம் வரும். அமெரிக்காவில் இந்த வகை வண்டிகளுக்குப் பொதுப்பெயர் ஆர்.வி. அதில் ஃபிஃப்த் வீல் என்பது தனி ரகம். சாதாரண டிரெய்லரை காரின் பின்பக்கக் கொக்கியில் மாட்டுவார்கள். ஃபிஃப்த் வீலை பிக்கப் டிரக்கின் சரக்குத் தொட்டிக்கு உள்ளேயே பூட்டுவார்கள். கன்டெய்னர் லாரியின் தலையும் உடலும் ஒரு கிங்பின்னில் கோத்துக்கொள்ளும் அல்லவா, அதே முறை. குதிரை வண்டிக் காலத்தில் முன் அச்சு திரும்புவதற்காகப் படுக்கைவாக்கில் வைத்த வட்டத் தகடு, ஐந்தாவது சக்கரம் போலத் தெரிந்ததால் வந்த பெயர் இது.

எடை டிரக்கின் பின் அச்சுக்கு மேலே விழுவதால் பெரிதாகக் கட்டலாம். 40 அடி நீளம், 7 டன் எடை எல்லாம் சகஜம். பக்கவாட்டில் நகரும் அறைகளையும் சேர்த்தால் 350 முதல் 400 சதுர அடி கிடைக்கும். விலை சுமார் 50 ஆயிரம் டாலரில் தொடங்கி ஒன்றரை லட்சம் டாலரைத் தாண்டும்.

டன் கணக்கு

நம்ம ஊரில் ஏசியை டன்னில் சொல்வோம். அங்கே பிடியுவில் சொல்வார்கள். 12,000 பிடியு என்றால் 1 டன். ஆர்.வி. கூரையில் வழக்கமாக உட்கார்ந்திருப்பது 13,500 அல்லது 15,000 பிடியு யூனிட். அதாவது ஒரு டன்னுக்குக் கொஞ்சம் மேல். 15,000 யூனிட் இரண்டு வைத்தால் இரண்டரை டன்.

இது குறைவா? அமெரிக்க அரசின் 'எனர்ஜி ஸ்டார்' வழிகாட்டி, சாதாரண வீட்டில் 350 முதல் 400 சதுர அடி அறைக்கு 9,000 பிடியு ஏசி போதும் என்கிறது. அதே அளவு டிரெய்லரில் 30,000 பிடியு இருக்கிறது. மூன்று மடங்குக்கும் மேல். அப்படியும் குளிரவில்லை என்றால், காகிதத்தில் இருக்கும் அந்தக் குளிர்ச்சி எங்கே போகிறது?

சுவருக்குள்ளே என்ன இருக்கிறது?

பாதி பதில் சுவரில் இருக்கிறது. இன்று விற்கும் பெரும்பாலான ஃபிஃப்த் வீல்களின் சுவர் கனம் இரண்டு, அதிகபட்சம் மூன்று அங்குலம். அலுமினியச் சட்டம், நடுவில் தெர்மாகோல் போன்ற ஃபோம், இரு பக்கமும் மெல்லிய பிளைவுட், வெளியே ஃபைபர்கிளாஸ் என எல்லாவற்றையும் ஒட்டி அழுத்திய சாண்ட்விச் அது. விலை குறைந்த மாடல்களில் மரச்சட்டமும் கண்ணாடி இழைப் பஞ்சும் இருக்கும். அலுமினியம் லேசானது, மக்காது, உறுதியானது. ஆனால் வெப்பத்தை நன்றாகக் கடத்தும். சூடான காபியை டம்ளரில் வாங்கிப் பிடித்த எவருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை. நடுவில் எவ்வளவு நல்ல ஃபோம் வைத்தாலும், இரண்டு அடிக்கு ஒரு அலுமினியச் சட்டம் வெளிச் சூட்டை நேராக உள்ளே கொண்டுவந்து விடும்.

இங்கேதான் விளம்பரப் பிரசுரங்களின் வித்தை. வெப்பத்தைத் தடுக்கும் திறனை 'ஆர்' மதிப்பு என்பார்கள். கண்ணாடி இழைப் பஞ்சுக்கு அங்குலத்துக்கு 3 சொச்சம், ஃபோமுக்குச் சுமார் 4. இரண்டு அங்குலச் சுவரின் ஃபோமுக்கு 8 கிடைத்தாலே பெரிய விஷயம். கூரையில் இன்னும் கொஞ்சம் இடம் இருப்பதால் கூடுதலாகக் கிடைக்கும். ஆனால் கூரைக்கு ஆர்-38, ஆர்-40 என்று அச்சடித்த பிரசுரங்கள் சாதாரணமாகக் கண்ணில் படும். எப்படி? நடுவில் ஒரு பளபளப்பான ஃபாயில் தாள் இருக்கும். அதற்கு இரண்டு இலக்கத்தில் ஒரு மதிப்பைப் போட்டுக் கூட்டிவிடுவார்கள். ஃபாயில் வேலை செய்ய அதன் முன்னால் காற்று இடைவெளி வேண்டும். பஞ்சோடு நசுங்கிக் கிடந்தால் அது வெறும் தாள்தான். சட்டம் கடத்தும் வெப்பம், ஜன்னல், நகரும் அறையின் ரப்பர் சீல் எதுவும் அந்தக் கூட்டலில் வராது.

நகரும் அறை தனிக்கதை. சுவரில் பெரிய ஓட்டை போட்டு, அதில் ஒரு பெட்டியைச் செருகி, சுற்றிலும் ரப்பர் வைத்து அடைப்பதுதான் அது. மூன்று நான்கு இப்படி இருந்தால் வீட்டின் விளிம்பு முழுக்க மூடாத கதவுகள் இருப்பதற்குச் சமம். கூரையில் ஓடும் ஏசி குழாய் அந்தப் பெட்டிக்குள் போகவும் முடியாது. ஆனால் சோபா இருப்பது பெரும்பாலும் அங்கேதான்.

டேப் ஒட்டாத இடம்

மீதிப் பதில் காற்றுப்பாதையில். ஆர்.வி. கூரை ஏசி என்பது, நம்ம பழைய ஜன்னல் ஏசியைக் கவிழ்த்துக் கூரையில் ஏற்றியது மாதிரி. 14-க்கு 14 அங்குலச் சதுர ஓட்டை, அதன் மேல் யூனிட். அந்த ஒரே ஓட்டை வழியாகத்தான் அறையின் சூடான காற்று மேலே போக வேண்டும், குளிர்ந்த காற்று கீழே வர வேண்டும். இரண்டையும் பிரிப்பது ஒரு சின்னத் தடுப்பு. தொழிற்சாலையில் அதைச் சுற்றி அலுமினிய டேப் ஒழுங்காக ஒட்டப்படாவிட்டால், குளிர்ந்த காற்று அறைக்கு வராமலேயே திரும்ப ஏசிக்குள் போய்விடும். ஏசி தன்னைத்தானே குளிரவைத்துக்கொண்டிருக்கும்! சில சமயம் அந்தக் காற்று கூரைக்குள் இருக்கும் காலி இடத்துக்கும் போகும். அந்த இடத்துக்கு எதற்குக் குளிர்ச்சி?

கிரில்லைக் கழற்றி, சில டாலர் டேப் வாங்கி, உரிமையாளரே ஒட்டிச் சரிசெய்யும் வேலை இது. ஒட்டியதும் வென்ட்டில் காற்று பிய்த்துக்கொண்டு வரும். லட்சம் டாலர் வண்டி வாங்கியவர் ஏணியில் ஏறி டேப் ஒட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்து ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. 50 ஆயிரம் டாலர் வண்டிக்கும் ஒன்றரை லட்சம் டாலர் வண்டிக்கும் ஏசி சப்ளை செய்வது அநேகமாக அதே சில கம்பெனிகள்தான். யூனிட்டைவிட, அதை எப்படிப் பொருத்தினார்கள் என்பதில்தான் வித்தியாசம்.

'ஸ்ப்ளிட் ஏசி போட்டால் என்ன?' என்று நம்ம ஊர்க்காரர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. சத்தம் குறையும், கரன்ட் மிச்சமாகும், குழாய் ஒழுகல் என்ற பேச்சே இல்லை. ஆர்டர் கொடுத்தால் செய்துதரும் சிறிய தயாரிப்பாளர்கள் சிலர் இருக்கிறார்கள். ஆனால் கேஸ் பைப் இணைப்புகள் நெடுஞ்சாலை அதிர்வைத் தாங்க வேண்டும், அவுட்டோர் யூனிட்டுக்கு இடம் வேண்டும். 14 அங்குல ஓட்டையில் எந்த ஊரில் நின்றாலும் பழையதைத் தூக்கிப் புதியதை வைத்துவிடலாம். பெரிய கம்பெனிகள் அதை விடுவதாக இல்லை.

கரன்ட் விஷயமும் உண்டு. முகாம் மைதானங்களில் 30 ஆம்ப் இணைப்பு என்றால் மொத்தம் 3,600 வாட். ஒரு ஏசியும் மைக்ரோவேவும் சேர்ந்தாலே டிரிப் ஆகும். இரண்டு ஏசிக்கு 50 ஆம்ப் இணைப்பு வேண்டும். அது 12,000 வாட். மைதானம் நிரம்பி எல்லாரும் ஏசி போட்டால் லோ வோல்டேஜ். 120 வோல்ட் வரவேண்டிய இடத்தில் 105-க்குக் கீழே இறங்கினால் கம்ப்ரசருக்கு ஆபத்து. அங்கேயும் ஸ்டெபிலைசர் மாதிரி ஒரு பெட்டி விற்கிறது.

யார் கேட்பது?

அமெரிக்க ஆர்.வி.க்களில் மிகப் பெரும்பங்கு இண்டியானா மாநிலத்தின் எல்க்ஹார்ட் வட்டாரத்தில் தயாராகிறது. பிராண்ட் பெயர்கள் டஜன் கணக்கில் இருந்தாலும் தோர், வாரன் பஃபெட்டால் பிரபலமான பெர்க்‌ஷயர் ஹாத்தவேயின் ஃபாரஸ்ட் ரிவர், வின்னபேகோ என்று மூன்று குழுமங்களுக்குள்தான் பெரும்பாலானவை அடங்கும். அந்த வட்டாரத்தில் பீஸ் ரேட் கூலி பரவலாக உண்டு. எத்தனை வண்டி முடிகிறதோ அத்தனைக்குக் காசு. இந்த முறையில், டேப்பை மூலை வரை அழுத்தி ஒட்ட இரண்டு நிமிடம் கூடுதலாகச் செலவிடுபவருக்கு நஷ்டம். கொரோனாவுக்குப் பிறகு தேவை எகிறி, 2021-ல் 6 லட்சம் வண்டிகள் வெளியேறின. 2023-ல் அது ஏறக்குறைய பாதியானது. அவசரமாகக் கட்டிய அந்த 2021 வண்டிகள் இப்போது செகண்ட் ஹேண்ட் சந்தையில் நிற்கின்றன.

சட்டம் என்ன செய்கிறது? ஆர்.வி.க்களுக்கான என்.எஃப்.பி.ஏ 1192 தரநிலை தீ, எரிவாயு, குழாய் ஆகியவற்றின் பாதுகாப்பைப் பார்க்கிறது. சுவர் எவ்வளவு வெப்பத்தைக் கடத்தலாம் என்று வரம்பு போடுவதில்லை. தொழிற்சாலையில் கட்டி எடுத்துவரும் மேனுஃபேக்சர்டு வீடுகளுக்கு 1976 முதல் மத்திய அரசின் கட்டட விதி இருக்கிறது, வெப்பக் காப்புக்கும் அதில் அளவு உண்டு. ஆர்.வி.க்கு அந்த விதி பொருந்தாது. காரணம், இது குடியிருப்பு அல்ல, பொழுதுபோக்கு வாகனம். வாரன்டியும் பொதுவாக ஒரு வருடம். நிரந்தரமாகக் குடியிருந்தால் வாரன்டி செல்லாது என்று சிறிய எழுத்தில் போட்டுவிடுகிறார்கள்.

ஆனால் ஜனங்கள் குடியிருக்கிறார்கள். 'நோமேட்லேண்ட்' படம் காட்டிய ஓய்வுபெற்றவர்கள் மட்டுமல்ல, ஊர் ஊராகப் போகும் நர்ஸ்கள், கட்டுமானத் தொழிலாளர்கள், வாடகை கட்டி மாளாத குடும்பங்களும்தான். 2023 கோடையில் அரிசோனாவின் ஃபீனிக்ஸில் தொடர்ந்து 31 நாள் வெயில் 43 டிகிரி செல்சியஸைத் தொட்டது. அந்த நகரம் இருக்கும் மரிக்கோபா கவுண்டியில் அந்த ஆண்டு வெப்பம் தொடர்பான மரணங்கள் 645. தெருவில் இறந்தவர்கள் அதிகம். வீட்டுக்குள் இறந்தவர்களும் உண்டு. ஏசி இருந்தும் வேலை செய்யாத வீடுகளும் அவற்றில் அடக்கம். மெல்லிய சுவர் வண்டியில் ஏசி நின்றால், உள்ளே சூடேற அதிக நேரம் ஆகாது.

'விடுமுறைக்கான வண்டி' என்று சொல்லி ஒதுங்குவதும், அதே வண்டியை 'முழுநேரம் வாழலாம்', 'நான்கு பருவத்துக்கும் ஏற்றது' என்று விளம்பரம் செய்வதும் ஒன்றாக நடக்கக் கூடாது. 'நான்கு பருவம்' என்ற சொல்லுக்குச் சட்டத்தில் எந்த அர்த்தமும் இல்லை. அளக்க முடியாத விஷயமா இது? ஐரோப்பாவில் கேரவன்களுக்கான இஎன் 1645 தரநிலையில் வெப்பக் காப்புக்கு மூன்று கிரேடுகள் இருக்கின்றன. மூன்றாம் கிரேடு வேண்டுமானால், வெளியே மைனஸ் 15 டிகிரி இருக்கும்போது நான்கு மணி நேரத்தில் உள்ளே 20 டிகிரிக்குச் சூடாக்கிக் காட்ட வேண்டும். மொத்த உடலின் வெப்பக் கடத்தலுக்கும் வரம்பு உண்டு. அதே சோதனையை வெயிலுக்குத் திருப்பிப் போடுவது ராக்கெட் சயின்ஸ் இல்லை. வெளியே 43 டிகிரி, உள்ளே எத்தனை மணி நேரத்தில் 25? அந்த ஒரு எண்ணை ஒவ்வொரு வண்டியின் கதவிலும் ஒட்டச் சொல்லலாம். ஃபிரிட்ஜில் ஸ்டார் ஸ்டிக்கர் ஒட்டுகிறோமே!

அதுவரை, அங்கே வாங்கப்போகும் நண்பர்கள் யாராவது இருந்தால் ஷோரூமுக்குக் காலையில் போக வேண்டாம். மதியம் 2 மணிக்குப் போகட்டும், சமையலறை தெர்மாமீட்டர் ஒன்றுடன். வண்டி வெயிலில் நிற்க வேண்டும், 50 ஆம்ப் இணைப்பு கொடுத்திருக்க வேண்டும். ஏசி 20 நிமிடம் ஓடட்டும். உள்ளிழுக்கும் கிரில்லில் ஒரு அளவு, பக்கத்து வென்ட்டில் ஒரு அளவு. வித்தியாசம் 9 முதல் 12 டிகிரி செல்சியஸ் இருந்தால் யூனிட் நலம். பிறகு கடைசி வென்ட்டில் கையை வைத்துப் பார்க்கட்டும். அங்கே காற்று செத்துக் கிடந்தால் கிரில்லைக் கழற்றிக் காட்டச் சொல்லலாம். 'அதெல்லாம் கழற்ற முடியாது சார்' என்று விற்பவர் சொன்னால், அடுத்த வண்டிக்கு நகர்ந்துவிடலாம்.