மலேசியாவில் கள்ளக் குடியேற்றமும் தோட்டக் கூலியும்

மலேசியாவில் அனுமதிச் சீட்டின்றி வேலை செய்யும் அந்நியத் தொழிலாளரைப் பற்றிச் சில ஆண்டுகளுக்கொரு முறை கூச்சல் எழுவதும், சர்க்கார் பொது மன்னிப்பு ஒன்றை அறிவிப்பதும், அதன் பிறகு வேட்டை நடப்பதும், வேட்டை ஓய்ந்ததும் பழைய நிலைமையே திரும்புவதும் வழக்கமாகிவிட்டன. 1992-ல் இவ்வாறு நடந்தது; 2002-லும் 2005-லும் நடந்தது. 2011-ல் பதிவு செய்துகொள்ளும்படி அழைப்பு விடுக்கப்பட்டபோது, சட்ட விரோதமாக வசிப்போர் சுமார் 13 லட்சம் பேர் தாமாகவே வந்து பெயர் கொடுத்தனர். அப்போது மூன்று கோடிக்கும் குறைவான ஜனத்தொகை கொண்டிருந்த ஒரு தேசத்துக்கு இது அற்பமான எண்ணிக்கையன்று.

இதை அயலார் விவகாரமென்று நாம் ஒதுக்கிவிடுவதற்கில்லை. தோட்டங்களில் கூலி பேசும் வலிமையை இழந்து நிற்பவர்கள் அந்நாட்டுப் பிரஜைகளாகிய தமிழர்கள். சுற்றுலா அனுமதியில் சென்று, ஓட்டல்களில் மாவாட்டிக்கொண்டு, போலீஸாரைக் கண்டால் பின்கட்டு வழியே ஓடுகிறவர்களிலும் நம் தஞ்சை, புதுக்கோட்டை, இராமநாதபுரம் ஜில்லாக்காரர்கள் உண்டு.

மலையாத் தோட்டங்களின் பூர்வ சரித்திரத்தை அறிந்தவர்களுக்கு இப்போதைய நிலைமை புதிதாகத் தோன்றாது. ஒப்பந்தக் கூலி முறை 1910-ல் நிறுத்தப்பட்ட பின்னர் கங்காணி முறை ஓங்கிற்று. தேவைக்குச் சற்று அதிகமாகவே ஆள் இருக்கவேண்டுமென்பது தோட்டத் துரைமாரின் கொள்கை. லயத்தில் வேலையின்றி நாலு பேர் காத்திருந்தால், வேலையிலிருப்பவன் கூலி உயர்வு கேட்க அஞ்சுவான் அல்லவா? கப்பலில் வந்து இறங்கிய நம்மவர்களே அக்காலத்தில் நம்மவர்களின் கூலியை இறக்கும் கருவிகளாக உபயோகப்பட்டார்கள். ரப்பர் விலை விழும்போதெல்லாம் கூலியில் வெட்டு விழுந்தது. 1938 ஜூனில் இந்திய சர்க்கார் உதவி பெற்றுச் செல்லும் கூலிக் குடியேற்றத்துக்குத் தடை விதித்தார்கள். புது ஆள் வரவு நின்றது. மூன்றாண்டுகளுக்குள், 1941-ல், கிள்ளான் வட்டாரத்துத் தோட்டத் தொழிலாளர்கள் துருப்புகளை வரவழைத்து அடக்கவேண்டிய அளவுக்குப் பெரிய வேலைநிறுத்தம் செய்தார்கள். அந்தத் தைரியத்துக்கு வேறு காரணங்களும் உண்டு. ஆயினும் ஆள் வரவு நின்றது ஒரு காரணமென்பதில் நமக்குச் சந்தேகமில்லை.

1954-ல் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் தோன்றி, முதலாளிமாருடன் சமமாக உட்கார்ந்து பேசும் உரிமையைப் பெற்றது. 1969-க்குப் பின் பிரஜா உரிமையற்றோர் வேலை செய்ய அனுமதிச் சீட்டு வேண்டுமென்ற விதி அமுலுக்கு வரவே, பல்லாயிரம் தமிழர் கப்பலேறித் திரும்பினர். படித்த வாலிபர்கள் பட்டணங்களை நாடினர். பால்மரத்தை வெட்டிச் செம்பனை நட்ட தோட்டங்களுக்கு ஆள் போதவில்லை. இன்னும் சரியாகச் சொன்னால், அவர்கள் கொடுக்க இஷ்டப்பட்ட கூலிக்கு ஆள் போதவில்லை. அதற்குக் கூலியை உயர்த்தியிருக்கலாம்; மலாக்கா ஜலசந்தியைக் கடந்து இரவில் வந்த படகுகளோ வேறு வழியைக் காட்டின. 1984-ல் இந்தோனேசியாவுடன் மேடானில் ஒப்பந்தம் செய்யப்பட்டதென்றாலும், சட்ட மார்க்கம் தாமதமும் செலவும் மிகுந்ததாக இருந்தது. படகுக்காரரின் மார்க்கம் சுலபமாக இருந்தது.

இது கூலியை எவ்வாறு பாதித்ததென்பதைச் சற்று விவரமாகப் பார்ப்போம். தோட்ட நிர்வாகம் நேரடியாக ஆள் எடுப்பதைக் குறைத்து, கண்டிராக்டரிடம் வேலையை ஒப்படைக்கும். கண்டிராக்டரின் ஆட்கள் சங்கத்தின் ஜாபிதாவில் இரார்; அவர்களுக்குச் சேமநிதி இல்லை, வீடில்லை, ஆயக்கொட்டகை இல்லை. கூலியைப் பிடித்துக்கொண்டால் தொழில் இலாகாவுக்குப் போகவும் முடியாது. போனால் முதலில் கேட்கப்படுவது அனுமதிச் சீட்டு. இத்தகைய ஆளைப் பக்கத்து நிரையில் வைத்துக்கொண்டு சங்கத்துடன் பேரம் பேசும் முதலாளி எதற்கு இறங்கி வருவார்? தமிழ்த் தொழிலாளர்கள், அவர்களிலும் பால்வெட்டும் களையெடுப்பும் செய்துவந்த பெண்கள், மாதச் சம்பளம் கேட்டுப் பல பத்தாண்டுகள் காத்திருந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

அந்நியரால் கூலி விழவே இல்லை என்று வாதிப்பவர்களும், சகல கஷ்டங்களுக்கும் அந்நியரே காரணமென்று வாதிப்பவர்களும் 2015-ல் உலக வங்கி மலேசியாவைப் பற்றி வெளியிட்ட ஆராய்ச்சியைப் படிப்பது நலம். சட்டப்படி வந்தவர்களையும் சேர்த்த கணக்கு அது. குடியேறிய தொழிலாளர் தொகை நூற்றுக்குப் பத்து உயர்ந்தால், மலேசியர்களின் சராசரிக் கூலி 0.14 சதவீதம் உயர்கிறதாம். மிகக் குறைந்த படிப்புள்ள மலேசியர்களின் கூலி 0.74 சதவீதம் குறைகிறதாம். முன்பே வந்திருக்கும் அந்நியத் தொழிலாளரின் கூலியோ ஏறக்குறைய 4 சதவீதம் விழுகிறதாம். ஆகவே தேசத்துக்கு லாபம், குமாஸ்தாவுக்கும் மானேஜருக்கும் லாபம்; நஷ்டம் தோட்டத்தில் நிற்பவனுக்கு. அதிலும் பெரிய நஷ்டம் நேற்று வந்த வங்காளிக்கும் இந்தோனேசியனுக்கும். தோட்டத் தமிழன் யாரைக் கண்டு கோபிக்கிறானோ அவன் இவனைவிட அதிகமாக இழக்கிறான்.

எல்லோரையும் ஒரேயடியாக வெளியேற்றிவிடலாமென்பது யோசனையற்ற பேச்சு. 2002-ல் பல லட்சம் பேர் வெளியேறியதும் கட்டிட வேலைகள் ஸ்தம்பித்தன. 2020 முதல் கொள்ளை நோயை முன்னிட்டு ஆள் வரவு நிறுத்தப்பட்டபோது செம்பனைக் குலைகள் அறுப்பாரின்றி மரத்திலேயே அழுகின. இந்த வேலைக்கு உள்நாட்டார் வரமாட்டார்கள் என்பது முதலாளிமாரின் நிரந்தரப் பல்லவி. என்ன கூலிக்கு என்பதை மட்டும் அவர்கள் சொல்வதில்லை. 2013-ல்தான் மேற்கு மலேசியாவில் மாதம் 900 வெள்ளி குறைந்தபட்சச் சம்பளமென்று விதி வந்தது. 2025 பிப்ரவரியில் அது 1700 வெள்ளியாயிற்று.

தண்டனை விஷயத்தில் சட்டம் நடக்கும் விதத்தையும் கவனிக்கவேண்டும். 2002-ல் திருத்தப்பட்ட குடிநுழைவுச் சட்டம் கள்ளத்தனமாக நுழைந்தவனுக்குச் சிறையும் ஆறு வரை பிரம்படியும் விதிக்கிறது. ஐந்து பேருக்கு மேல் இத்தகையோரை வேலைக்கு வைக்கும் முதலாளிக்கும் அதே சட்டத்தில் பிரம்படி உண்டு. 2005 முதல் 2010 வரை குடிநுழைவுக் குற்றங்களுக்காகப் பிரம்படி பட்ட அந்நியர் 29,759 பேர் என்று அந்நாட்டுப் பார்லிமெண்டிலேயே தெரிவிக்கப்பட்டது. அடிபட்ட முதலாளிகளின் கணக்கு எவ்வளவென்று அங்குள்ள தொழிற்சங்கத் தலைவர்கள் கேட்கவேண்டும்.

இன்னுமொரு சங்கதி. கள்ளக் குடியேறி என்றால் இருட்டில் படகிலிருந்து குதித்தவனென்றே ஜனங்கள் எண்ணுகிறார்கள். விமானத்தில் வந்து, முத்திரை பெற்று, நேர்வழியில் நுழைந்தவர்கள் அனேகர். அனுமதிச் சீட்டு ஒரே முதலாளியின் பெயரில் கட்டுண்டது. பாஸ்போர்ட்டைப் பிறர் பிடுங்கி வைப்பது 1966-ம் ஆண்டுச் சட்டப்படி குற்றமாயினும் முதலாளியின் பெட்டியில்தான் அது கிடக்கிறது. சம்பளம் வராமல் வெளியேறினால், வெளியேறிய அன்றே அவன் சட்ட விரோதியாகிவிடுகிறான். வேறு முதலாளியிடம் மாற உரிமை கொடுத்தால் இந்த வகைக் குற்றவாளிகளில் பெரும் பகுதியினர் உற்பத்தியாகவே மாட்டார்கள். தொழிற்சங்கச் சட்டம் அந்நியன் உறுப்பினராவதைத் தடுக்கவில்லை. ஆதலால் தோட்டத் தொழிலாளர் சங்கம் அவர்களை விரட்டச் சொல்வதைவிட உள்ளே சேர்த்துக்கொண்டு ஒரே கூலி கேட்பதுதான் நம் சகோதரர்களின் கூலிக்குக் காப்பு.

நம் பக்கத்துக் கடமையும் இருக்கிறது. 1983-ம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டப்படி, பதிவு பெற்ற ஏஜெண்டே வெளிநாட்டு வேலைக்கு ஆள் சேர்க்கலாம். அவர் வாங்கக்கூடிய கட்டணத்துக்கு 30,000 ரூபாய் என்று வரம்பும் உண்டு. குறைந்த படிப்புள்ளவர்கள் மலேசியாவுக்கு வேலைக்குச் செல்ல முன் அனுமதி பெறவேண்டும். சுற்றுலாப் பிரயாணிக்கோ அந்த அனுமதி தேவையில்லை. ஓட்டை அங்கேதான் இருக்கிறது. 2023 டிசம்பர் முதல் இந்தியர் விசாவின்றி முப்பது நாள் தங்கலாமென்று மலேசியா அறிவித்தபின் ஓட்டை அகன்றிருக்கிறது. ஊர் ஏஜெண்டு நிலத்தை அடகு வைக்கச் செய்து பணம் பறித்துக்கொண்டு, அங்கே போனதும் சீட்டு மாற்றிக் கொடுப்பார்கள் என்று சொல்லி அனுப்புகிறான். பிடிபட்டுச் சிறை புகுந்து திரும்புகிறவன் கடனோடு வருகிறான். ஏஜெண்டு அடுத்த தெருவில் ஆள் சேர்க்கிறான்.

பதிவு பெறாத ஏஜெண்டுகளின் ஜாபிதாவை இந்திய சர்க்கார் இணையத்தில் வெளியிட்டிருக்கிறார்கள். அதைத் தமிழில் அச்சிட்டு மேற்சொன்ன ஜில்லாக்களின் தாலுகா கச்சேரிகளிலும் பஞ்சாயத்துக் கட்டிடங்களிலும் ஒட்டுவதற்கும், திரும்பி வருகிறவனின் வாக்குமூலத்தை விமான நிலையத்திலேயே பதிவு செய்து ஏஜெண்டின் மீது வழக்குத் தொடர்வதற்கும் புதுச் சட்டம் எதுவும் வேண்டியதில்லை. சென்னையிலுள்ள குடிபெயர்வோர் பாதுகாப்பு அதிகாரியும் தமிழ்நாட்டுப் போலீஸ் இலாகாவும் இதை உடனே ஆரம்பிக்கலாம்.