காற்றா, வெள்ளமா?

சூறாவளி ஓய்ந்த கரைக்கு இரு சாரார் வந்து சேர்வர். உடைந்ததைத் தூக்கி நிறுத்த வருபவர் ஒரு சாரார்; எதனால் உடைந்தது என்று துருவ வருபவர் மறு சாரார். இந்த இரண்டாம் சாராரைப் பற்றியும், அவர்களை அனுப்பிவைக்கும் வாணிபத்தைப் பற்றியுமே நாம் இங்கு பேச விழைகிறோம். அமெரிக்காவின் தென்கரையில், சிறப்பாகப் புளோரிடா மாநிலத்தில், வீட்டுக் காப்புறுதி என்ற பெயரால் நடைபெறும் வாணிபம் அது.

டொலர் தேசத்து வீட்டுச் சொந்தக்காரரின் கவலை நமக்கெதற்கு என்று சிலர் வினவக்கூடும். 1978 நவம்பரில் மட்டக்களப்பைப் புரட்டிப்போட்ட புயலை நம்மவர் மறந்துவிடவில்லை. புயல் வீசும் கரைகளில் வாழும் மக்களுக்குத் தனியார் காப்புறுதியே தக்க கவசம் என்று இன்று போதிக்கப்படுகிறது. அந்தக் கவசம், அது செய்யப்பட்ட பட்டறையிலேயே எந்த நிலையில் இருக்கிறது என்று பார்ப்பது எமது கடமையாகும்.

காப்புறுதியின் மூல எண்ணத்தோடு எமக்குப் பகையில்லை. ஆயிரம் பேர் சிறுகச் சிறுக இட்ட பணம் வீடிழந்த பத்துப் பேரை நிமிர்த்தும் என்பது மனிதகுலம் கண்ட நல்ல ஏற்பாடுகளுள் ஒன்று. ஆனால், அந்தப் பொதுப் பணத்துக்குக் காவலாக இலாபத்தை நிறுத்தியபோது நிகழ்ந்தது என்ன?

முதலில் காப்புறுதிப் பத்திரத்தைப் படிப்போம். அமெரிக்காவின் வழமையான வீட்டுக் காப்புறுதிப் பத்திரம் காற்றினால் வரும் சேதத்தை ஏற்கும். வெள்ளத்தினால் வரும் சேதத்தை ஏற்காது. தனியார் கம்பனிகள் வெள்ளத்தைக் கைவிட்டமையாலேயே 1968இல் மத்திய அரசு தேசிய வெள்ளக் காப்புறுதித் திட்டத்தைத் தொடங்க நேர்ந்தது. அதிலும் ஒரு குடும்பத்தின் வீட்டுக் கட்டடத்துக்குக் கிடைப்பது ஆகக்கூடியது இரண்டரை இலட்சம் டொலரே. அதற்கெனத் தனியே பணம் கட்டாதவருக்கு அதுவும் இல்லை. சூறாவளியோ காற்றையும் கடலையும் ஒருங்கே கொணர்கிறது. கூரையைக் காற்று பிடுங்கிய அதே இரவில் சுவரைக் கடல் தள்ளுகிறது. குடியிருந்தவருக்கு அது ஒரே இழப்பு. கம்பனிக்கோ அது இரண்டு. அவற்றுள் ஒன்று தன் பொறுப்பன்று.

2005 ஓகஸ்டில் கத்ரீனாச் சூறாவளி மிசிசிப்பிக் கரையில் எத்தனையோ வீடுகளை அத்திவாரம் மட்டும் எஞ்ச வாரிச் சென்றது. வெறும் அத்திவாரத்தைப் பார்த்து, இடித்தது காற்றா வெள்ளமா என்று யார் சொல்வது? பல பத்திரங்களில் ஒரு வாசகம் பதுங்கியிருந்தது: காற்றும் வெள்ளமும் சேர்ந்து விளைத்த சேதத்துக்கு நட்டஈடு கிடையாது என்பதே அதன் சாரம். செனற் சபையில் பெரும்பான்மைக் கட்சியின் தலைவராக இருந்த ட்ரென்ட் லொட் அவர்களும் தமது கடற்கரை வீட்டை இழந்து, தமது காப்புறுதிக் கம்பனிமீது வழக்குத் தொடர வேண்டியதாயிற்று. பெருமுதலாளிகளின் கட்சியை வழிநடத்தியவருக்கே நீதிமன்றப் படி ஏறாமல் கதியில்லையென்றால், இறால் பிடித்துப் பிழைப்பவருக்கும் விடுதியில் துணி துவைப்பவருக்கும் என்ன கதி?

காற்றுதான் என்று தீர்ந்தாலும் முழு இழப்பும் கைக்கு வராது. புளோரிடாவில் சூறாவளிச் சேதத்துக்கெனத் தனிக் கழிவு ஒன்றுண்டு. அது பெரும்பாலும் காப்புறுதித் தொகையின் நூற்றுக்கு 2, 5 அல்லது 10 வீதம். மூன்று இலட்சம் டொலர் வீட்டுக்கு ஐந்து வீதமென்றால், முதற் பதினையாயிரம் டொலரை வீடிழந்தவரே பொறுக்க வேண்டும்.

ஆபத்து மெய்யாகவே பெரிது, கம்பனிகளே முறிந்துபோகின்றனவே என்பது மறுதரப்பின் வாதம். ஆபத்து பெரிதுதான். கடல் சூடேறி வருகிறது. 1992இல் அன்ட்ரூச் சூறாவளிக்குப் பின் பத்துக்கும் மேற்பட்ட கம்பனிகள் வீழ்ந்தன. 2022இல் மட்டும் புளோரிடாவில் ஆறு முறிந்தன. ஆனால் முறிவின் பாரம் யார் தலையில் இறங்குகிறது? முறிந்த கம்பனியின் கடனைத் தீர்க்க மாநிலமெங்கும் உள்ள ஏனைய காப்புறுதியாளரிடம் மேலதிகக் கட்டணம் அறவிடப்படுகிறது. மாநில அரசின் பணிப்பில் 2022இல் தயாரான ஓர் ஆய்வை 2025 பெப்ரவரியில் பத்திரிகைகள் வெளிக்கொணர்ந்தன. 2017 முதல் 2019 வரை 43 கோடி டொலருக்கு மேல் நட்டமெனக் கணக்குக் காட்டிய கம்பனிகள், அதே காலத்தில் பங்குதாரருக்கு 68 கோடி டொலர் பகிர்ந்தளித்தன என்பதும், நிர்வாகக் கட்டணம் முதலிய பெயர்களில் தமது சகோதரக் கம்பனிகளுக்கும் பெரும்பணத்தைத் திருப்பிவிட்டன என்பதும் அதனால் தெரியவந்தன. ஒரு பை கிழிந்ததென்று ஊருக்குக் காட்டி அழுவது. அடுத்த பையை நிரப்பிக்கொள்வது!

வழக்குகளே தம்மைக் கெடுத்தன என்பது அவர்களுடைய அடுத்த வாதம். கூரை வேலைக் குத்தகைக்காரர் சிலரும் சட்டத்தரணிகள் சிலரும் கூடிப் பொய் வழக்குகளைப் பெருக்கியது உண்மையே. அதற்கு மாநிலச் சட்டசபை கண்ட பரிகாரம் யாது? கம்பனியை எதிர்த்து வென்றவரின் சட்டச் செலவைக் கம்பனியே ஏற்க வேண்டும் என்ற விதி 1893 முதல் அங்கு இருந்துவந்தது. 2022 டிசெம்பரில் வீட்டுக் காப்புறுதி வழக்குகளில் அவ்விதி நீக்கப்பட்டது. சேதத்தை அறிவிக்கும் காலக்கெடுவும் இரண்டு ஆண்டிலிருந்து ஒன்றாகக் குறைந்தது. மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்திய கதைதான். அதே மாதத்தில், இயன் சூறாவளிச் சேதம் பற்றித் தாம் எழுதிய அறிக்கைகள் பின்னர் மாற்றப்பட்டன என்று மதிப்பீட்டாளர்கள் சட்டசபைக் குழுவின் முன் சாட்சியம் அளித்தனர். ஆனால் கதவு மூடப்பட்டது கம்பனிகளுக்கன்று, வீடிழந்தவருக்கே.

அரசுத் துறை இதற்கு மாற்றாக இல்லையா? இருக்கிறது, குப்பைத்தொட்டியாக வைக்கப்பட்டிருக்கிறது. தனியார் தீண்டாத வீடுகளை ஏற்க 2002இல் 'சிற்றிசன்ஸ்' என்ற மாநிலக் காப்புறுதிக் கழகம் அமைந்தது. 2023இல் அதனிடம் ஏறத்தாழ 14 இலட்சம் பத்திரங்கள் இருந்தன. தனியார் கம்பனி ஒன்று அங்குள்ள குடியிருப்பாளரை அழைத்து, கழகத்தின் கட்டணத்திலும் இருபது வீதத்துக்கு மேற்படாத தொகையைக் கேட்டால், அவர் கழகத்தில் நீடிக்க முடியாது என்பது இன்றைய விதி. பொறுக்கியெடுத்த வீடு தனியாருக்கு. எஞ்சிய ஆபத்து பொதுமக்களுக்கு. வெளியேறவும் வழியில்லை, வீட்டுக் கடன் கொடுத்த வங்கி காப்புறுதி இன்றி விடாது.

வேறு வழியே இல்லையென்பார் சுவிற்சர்லாந்தை நோக்கட்டும். புளோரிடாக் கம்பனிகள் தம் ஆபத்தைக் கைமாற்றும் உலக மீள்காப்புறுதிச் சந்தையின் பெருங்கம்பனிகளுள் ஒன்று சூரிச் நகரிலேயே இருக்கிறது. அந்த நாட்டின் 26 மாநிலங்களுள் 19இல், கட்டடங்களுக்குக் காப்புறுதி அளிப்பது பொதுக் கழகமே. ஆர்காவ் மாநிலத்தில் அது 1805இல் தொடங்கியது. நெருப்பு, புயல், வெள்ளம் யாவும் ஒரே பத்திரத்தில் அடங்கும். பங்குதாரர் இல்லை, சேதத்தைத் தடுக்கும் பணிக்கும் அதே கழகம் செலவிடுகிறது. முதலாளித்துவத்தின் பெட்டகம் என்று பெயர்பெற்ற நாடே தன் குடிகளின் கூரையைச் சந்தையிடம் ஒப்படைக்கவில்லை. எனில், அந்தச் சந்தையைப் புயற்கரை மக்களுக்கு மருந்தென்று விற்பது எந்த நியாயம்?

எனவே எமது நிலைப்பாடு தெளிவானது. காற்றையும் வெள்ளத்தையும் ஒரே பத்திரத்தில் ஏற்கும் பொதுக் காப்புறுதி வேண்டும். ஆபத்து குறைந்த வீடும் கூடிய வீடும் அதில் ஒருங்கே சேர வேண்டும். மிஞ்சும் பணம் பங்கு இலாபமாகப் போகாமல், வசதியற்றோரின் கூரைக்கு ஆணியாகவும் சன்னலுக்குக் கதவாகவும் மாற வேண்டும். அட்லாண்டிக் கரையில் ஆண்டுதோறும் யூன் முதலாந் திகதி சூறாவளிப் பருவம் தொடங்குகிறது. அந்த வேலை அதற்கு முன்னரே முடிந்திருக்க வேண்டும்.