பெட்டியின் நிறத்தை விடுங்கோ, பிரேக்கைப் பற்றிக் கதைப்போம்

பெரிய பயண மோட்டார் சைக்கிளுக்குப் பின்னால் ஒரு சாமான் பெட்டியைக் கொழுவிக்கொண்டு போகும் வீடியோக்கள் எங்கள் வயதுக்காரரின் போன்களில் நிறைய ஓடுகின்றன. அமெரிக்கா, கனடா, அவுஸ்திரேலியா என்று நேர்கோட்டில் நீளும் வீதிகள். நாங்களும் பார்க்கிறோம், ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் எந்த ட்ரெயிலரை வாங்கலாம் என்று சொல்ல வருகிறவர்கள் எல்லாரும் ஒரே இடத்தில்தான் தொடங்குகிறார்கள். எத்தனை லீற்றர் கொள்ளும், பைக்கின் நிறத்துக்குப் பொருந்துமா, மூடி எந்தப் பக்கம் திறக்கும். பிரேக் என்ற சொல் வாயில் வருவதற்கு முதல் வீடியோ முடிந்துவிடும். இது ஏமாற்று வேலை எண்டுதான் நாங்கள் சொல்லுவோம்.

முதலில் பைக் செய்தவர்கள் என்ன சொல்லுகிறார்கள் என்று பாருங்கோ. ட்ரெயிலர் இழுக்கிறவர்களின் செல்லப்பிள்ளை ஹொண்டா கோல்ட் விங். ஆறு சிலிண்டர், 1833 சீசீ. 2018இல் அதைப் புதிதாக வடிவமைத்தபோது சாமான் வைக்கிற இடத்தைக் குறைத்தார்கள். 2021இல் பின்பெட்டியை 61 லீற்றராகப் பெருப்பித்தும் மொத்தம் 121 லீற்றர்தான் வந்தது. இரண்டு பேர் கூடாரத்தோடு இரண்டு கிழமை சுற்றுவதற்கு இது போதாது என்பவர்கள் ட்ரெயிலர் தேடுகிறார்கள். ஆனால் அதே ஹொண்டாவின் கையேடு, இந்த வண்டி ட்ரெயிலர் இழுக்க வடிவமைக்கப்பட்டதல்ல என்கிறது. ஹார்லி டேவிட்சனின் கையேடும் இழுக்காதே என்றுதான் எச்சரிக்கிறது.

"அது வழக்கு வராமல் இருக்க வக்கீல்மார் எழுதின வசனம்" என்று சிரிக்கிறவர்கள் இருக்கிறார்கள். இருக்கட்டும், வக்கீல்தான் எழுதினார் என்றே வைத்துக்கொள்வோம். வருடக்கணக்காகப் பிரச்சினையில்லாமல் இழுக்கிறவர்கள் இருப்பதும் உண்மை. ஆனால் பைக் கம்பனி பொறுப்பெடுக்கவில்லை. பெட்டி விற்கிறவர் தன் பெட்டிக்கு மட்டும்தான் பொறுப்பு என்பார். கொழுவியை ஒட்டித் தந்த கராஜ்காரர் ஒட்டுக்கு மட்டும் பொறுப்பு என்பார். இவை மூன்றும் சேர்ந்து ஓடும்போது என்ன நடக்கும் என்பதற்கு யார் பொறுப்பு? ஓட்டுகிறவர் ஒருவர்தான். இவ்வளவு பொறுப்பை ஒருவர் தலையில் கட்டிவிட்டு, அவருக்கு நிறத்தைப் பற்றி மட்டும் சொல்லிக்கொடுப்பதில்தான் எங்களுக்குக் கோபம்.

பின்னால் வருவது பை இல்லை, இன்னொரு வாகனம். பெரும்பாலான மோட்டார் சைக்கிள் ட்ரெயிலர்களுக்குச் சொந்தப் பிரேக் கிடையாது. நூறு கிலோ பெட்டியையும் பைக்கின் பிரேக்குகள்தான் நிறுத்த வேண்டும். 50 கிலோமீற்றர் வேகத்தில் இருப்பதைவிட 80இல் அடக்க வேண்டிய சக்தி இரண்டரை மடங்கு. நேர் வீதியில் பெட்டி பின்னாலிருந்து தள்ளும். வளைவில் சரிந்துகொண்டு பிரேக் பிடித்தால் பின்சில்லைப் பக்கவாட்டில் தள்ளும். எத்தனை வருட அனுபவம் இருந்தாலும் இந்தக் கணக்கு மாறாது.

பிரித்தானியாவில் இதற்கு எழுதின சட்டம் இருக்கிறது. 125 சீசீக்கு மேற்பட்ட பைக்தான் இழுக்கலாம். பெட்டியின் அகலம் ஒரு மீற்றருக்குள் இருக்க வேண்டும். சாமானோடு சேர்த்து ட்ரெயிலரின் எடை 150 கிலோவையோ பைக்கின் எடையில் மூன்றில் இரண்டு பங்கையோ, எது குறைவோ அதைத் தாண்டக்கூடாது. இந்தக் கணக்கை எங்கட வீதியில் ஓடுகிற 150 சீசீ பைக்குக்குப் போட்டுப் பாருங்கோ. பைக் 140 கிலோ என்றால் பெட்டியும் சாமானும் சேர்ந்து 93 கிலோ. இரும்பில் ஒட்டின பெட்டியே அதில் பெரும்பங்கை விழுங்கிவிடக்கூடும். மிச்சத்துக்கு இழுப்பதைவிடக் கரியரில் கட்டிக்கொண்டு போகலாம்.

சரி, இழுக்கத்தான் போகிறோம் என்கிறவர்கள் எதைப் பார்க்க வேண்டும்? முதலாவது கொழுவி. இரண்டு சில்லுப் பெட்டி நிமிர்ந்து நிற்கும், பைக் வளைவில் சரியும். இடையில் உள்ள இணைப்பு தாராளமாகச் சுழலாவிட்டால் ஒன்று மற்றதை முறுக்கும். காருக்குச் செய்த கொழுவியை அப்படியே மாட்டித் தருகிறவரிடம் வாங்காதீர்கள். இரண்டாவது எடை உட்காரும் இடம். மொத்த எடையில் பத்திலொரு பங்கு அளவில் கொழுவியில் அழுத்த வேண்டும். பாரத்தைப் பெட்டியின் பின்பக்கம் ஏற்றினால் அது வாலாட்டத் தொடங்கும். கொழுவியில் கூடிவிட்டால் பைக்கின் முன்சில்லு இலேசாகி, ஹாண்டில் பிடி தளரும். மூன்றாவது சில்லு. இரட்டைச் சில்லுப் பெட்டியோடு போனால் வீதியில் மூன்று தடம் விழும். நடுவில் நீங்கள் விலக்கிப் போகிற கிடங்கில் பெட்டியின் சில்லு விழும். ஒற்றைச் சில்லுப் பெட்டி பைக்கோடு சேர்ந்து சரியும், அதே தடத்தில் வரும். ஆனால் குறைவாகத்தான் கொள்ளும். சில்லு சின்னதாக இருந்தால் அதே தூரத்துக்குக் கூடத் தரம் சுற்றும், பெயாரிங் சூடேறும். இவ்வளவும் பார்த்தபிறகு நிறத்தைப் பாருங்கோ.

வீடியோவில் வராத ஒருவரைப் பற்றியும் சொல்ல வேண்டும். பின் சீற்றில் இருக்கிறவர். பெட்டியைத் தெரிவு செய்தது அவரல்ல, வேகத்தைத் தெரிவு செய்வதும் அவரல்ல. ஆனால் பெட்டி வாலாட்டினால் விழுவது அவரும்தான். எதிரே சைக்கிளில் வருகிற பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் இதே கதைதான். சாகசம் என்பது தன் உயிரை வைத்து விளையாடுவது என்றால் அது அவரவர் விருப்பம். மற்றவரின் உயிரையும் பெட்டிக்குள் போட்டு இழுப்பதற்கு அந்தப் பெயர் பொருந்தாது.

பைக்கில் பாரம் கொண்டுபோவது எங்களுக்குப் புதுசும் இல்லை. விடியப்புறம் கரையிலிருந்து கரியரில் மீன்பெட்டி கட்டிக்கொண்டு ஊருக்குள் வருகிற வியாபாரியைத் தெரியாதவர் வடக்கில் இல்லை. எத்தனை கிலோ ஏற்றினார், எந்தப் பக்கம் கூடிவிட்டது என்று அவருக்குத் தெரியும். கயிற்றை இரண்டு தரம் இழுத்துப் பார்க்காமல் அவர் கிக்கரை மிதிப்பதில்லை. அவரை யாரும் சாகசக்காரர் என்று வீடியோ எடுப்பதில்லை, ஆனால் பாரத்தைப் பற்றி அந்த விமர்சகர்களைவிட அவருக்குக் கூடத் தெரியும்.

ஆகவே எங்கள் வேண்டுகோள் இதுதான். ட்ரெயிலர் தேடுவதற்கு முதல் கொண்டுபோக நினைக்கிற சாமானை எல்லாம் நிலத்தில் பரப்பி, தராசில் வைத்து நிறுங்கோ. பாதியை வீட்டில் விடுங்கோ. அதற்குப் பிறகும் பெட்டி தேவை என்றால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்திடமும் காப்புறுதிக்காரரிடமும் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கோ. பிறகு வெறும் பெட்டியோடு ஒரு வெறுமையான வீதியில் பிரேக் பிடித்துப் பழகி, பாரத்தை ஏற்றி இன்னொரு தரம் பழகுங்கோ. வீடியோவை அதற்குப் பிறகு எடுக்கலாம்.